வழக்குச் செலவை வெளியாள் போட்டுவிட்டு, கிடைக்கும் நிலத்தில் பாதி கேட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படகர் ஊரில்) அப்பா பெயரில் 2 ஏக்கர் 40 சென்ட் தேயிலைத் தோட்டம். அவருடைய சொந்தச் சம்பாத்தியம். உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மாவும் இல்லை. அண்ணன்கள் இருவரும் மகளான உங்களுக்குப் பங்கு இல்லை என்கிறார்கள். வழக்குப் போட உங்களிடம் பணம் இல்லை. கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர் வந்து, வக்கீலையும் தானே வைத்து, செலவு முழுவதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஜெயித்தால் உங்கள் பங்கில் பாதி அவருக்கு, தோற்றால் நீங்கள் எதுவும் தர வேண்டாம். அதற்கு ஒரு பவர் பத்திரமும், கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு ஸ்டாம்ப் பேப்பரும் கேட்கிறார். ‘இது சட்டப்படி செல்லுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியாள் பணம் போடலாமா என்பதற்கு நேரான பதில் உண்டு. ஆனால் உங்களுக்கு முக்கியமானது, இந்த ஆள், இந்த விலைக்கு, இந்தப் பத்திரங்களோடு வரலாமா என்பது. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

வெளியாள் ஒருவர் இன்னொருவரின் வழக்குக்குப் பணம் போட்டு, வருவதில் பங்கு வாங்குவது இந்தியாவில் குற்றமும் இல்லை, அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போவதும் இல்லை. இது உறுதியான சட்டம். இங்கிலாந்தில் இதைச் சாம்பர்ட்டி என்று பெயரிட்டு நூற்றாண்டுகளாகக் குற்றமாக வைத்திருந்தார்கள். 1967-இல்தான் அந்தக் குற்றத்தை நீக்கினார்கள். அந்தத் தடை இந்தியாவுக்குப் பொருந்தாது என்று, பிரிட்டிஷ் ஆட்சியில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1876-இலேயே ராம் குமார் குண்டு வழக்கில் சொல்லிவிட்டது. நியாயமான உரிமை உள்ள ஏழை ஒருவர், பலசாலியை எதிர்த்து நிற்க வேறு வழியில்லாதபோது இப்படிப்பட்ட உதவி நீதிக்குத் துணையாகவே இருக்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உச்ச நீதிமன்றமும் 1954-இல் ஒரு மூத்த வழக்கறிஞர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் இதே கருத்தைச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஏ.கே.பாலாஜி வழக்கில் 2018-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வழக்கறிஞர் அல்லாதவர் பணம் போட்டு முடிவுக்குப் பின் திரும்பப் பெறுவதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்கிறது. அந்த வழக்கின் மையக் கேள்வி வெளிநாட்டு வழக்கறிஞர்களைப் பற்றியது. ஆகவே அந்த வரியை ஒரு வழிகாட்டுதலாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, முடிந்த முடிவாக அல்ல. இணையத்தில் இது தடை செய்யப்பட்டது என்று படித்திருந்தால், அது அயர்லாந்து போன்ற நாடுகளைப் பற்றியதாக இருக்கும். அங்கே 2017-இலும் உச்ச நீதிமன்றம் தடை நீடிப்பதாகவே சொன்னது.

தடை இல்லை என்றால் எந்த விலையும் கேட்கலாம் என்று பொருள் இல்லை. 1876 தீர்ப்பும் 1940-இல் வந்த லாலா ராம் சரூப் தீர்ப்பும் இரண்டு சோதனைகளை வைத்தன. பணம் வாங்குபவரின் கழுத்தை நெரிக்கும் அளவுக்கு நிபந்தனை கொடூரமாக இருக்கிறதா என்பது ஒன்று. நியாயமான உரிமைக்கு உதவி, அதற்கு நியாயமான பிரதிபலன் பெறும் எண்ணமா, அல்லது வழக்கைச் சூதாட்டமாக்கும், இன்னொருவரைத் துன்புறுத்தும் எண்ணமா என்பது மற்றொன்று. இவை இன்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவோடு, அதாவது பொதுநலக் கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்பதோடு சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. உங்கள் நெருக்கடியைப் பயன்படுத்திச் சம்மதம் வாங்கினார் என்றால், தகாத செல்வாக்கைப் பற்றிய 16-ஆம் பிரிவும் வரும். இத்தனை சதவீதம் வரை சரி என்று எந்தச் சட்டமும் எண் குறிக்கவில்லை. போட்ட பணம் எவ்வளவு, தோற்கும் அபாயம் எவ்வளவு, கேட்கும் பங்கின் மதிப்பு எவ்வளவு என்று ஒன்றோடு ஒன்றை வைத்துத்தான் நீதிமன்றம் பார்க்கும். பணத்தை இழக்கும் அபாயத்தை உண்மையிலேயே ஏற்பவருக்குச் சற்று அதிக லாபம் போனால் தவறில்லை என்பதும் அந்தத் தீர்ப்புகளில் உண்டு. பங்கு அநியாயம் என்று தோன்றிய பல வழக்குகளில், பங்கைத் தள்ளிவிட்டு, உண்மையில் செலவழித்த தொகையையும் அதற்கு வட்டியையும் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது, ஒப்பந்தம் அடிபட்டாலும் செலவுத் தொகை உங்கள் தலையில் நிற்கலாம்.

அடுத்தது வக்கீல். இங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு வாங்குவதையும் இந்திய பார் கவுன்சில் விதி 20 தடுக்கிறது. வழக்காடும் உரிமையில் பங்கு வாங்கக் கூடாது என்கிறது விதி 21. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 136-ஆம் பிரிவு வக்கீல்களையும் நீதிமன்ற ஊழியர்களையும் வழக்காடத்தக்க கோரிக்கைகளை வாங்குவதிலிருந்து விலக்கி வைக்கிறது. ஆகவே மேட்டுப்பாளையத்துக்காரர் வெறும் முகம்தான், பின்னால் பணம் போடுவதும் பங்கு வாங்குவதும் அந்த வக்கீல்தான் என்றால், அது வக்கீலின் தொழில் ஒழுங்குமீறல். 1961 வழக்கறிஞர் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கண்டனத்திலிருந்து பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: வக்கீல் கட்டணத்துக்கு உங்கள் பெயரில் ரசீது கேளுங்கள். முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது அவர் போடப்போகும் பணம் உண்மையில் எவ்வளவு என்று பார்ப்போம். இந்த ஒன்றில்தான் உங்கள் முடிவு தொங்குகிறது. அப்பா உயிலில்லாமல் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி மகனும் மகளும் சமம். மூன்று பேருக்கு 80 சென்ட் வீதம். ஒரு பேச்சுக்குச் சென்ட் 50,000 ரூபாய் என்று வைத்தால் உங்கள் பங்கு 40 லட்சம், அவர் கேட்கும் பாதி 20 லட்சம். எதிரே செலவைப் போடுங்கள். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு பாகப்பிரிவினை வழக்கை இரண்டாகப் பிரிக்கிறது. நீங்கள் சொத்திலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டவர் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்டணம். 2017-இல் விகிதம் 7.5-லிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. 40 லட்சத்துக்கு 1,20,000 ரூபாய். கூட்டு அனுபவத்தில், அதாவது மற்ற வாரிசுகளோடு சேர்ந்து நிலத்தை வைத்திருப்பவர் என்றால் நில மதிப்பைப் பார்க்காத சிறு நிலையான கட்டணம்தான். அண்ணன்கள் இலை பறித்து விற்கிறார்கள் என்பதால் மட்டும் நீங்கள் விலக்கப்பட்டவர் ஆகிவிட மாட்டீர்கள். பங்காளி ஒருவரின் அனுபவம் சட்டத்தின் கண்ணில் எல்லாப் பங்காளிகளின் அனுபவம். உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்குத் தெரிந்தும் வருடங்கள் ஓடினால்தான் கணக்கு மாறும். இதனால்தான் பிராதில், அதாவது வழக்கு மனுவில் எழுதும் ஒவ்வொரு வரியையும் நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். ‘இன்ன வருடமே என்னைத் துரத்திவிட்டார்கள்’ என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதினால், கட்டணம் ஏறுவதோடு, 12 வருடக் காலவரம்பு கடந்துவிட்டது என்ற வாதத்தையும் எதிர்த்தரப்புக்குக் கையில் கொடுத்ததாகிவிடும். வெளியாள் வைத்த வக்கீலுக்கு இந்தக் குடும்ப விவரம் தெரியாது, கேட்கும் பொறுமையும் பெரும்பாலும் இருக்காது.

அதைவிட முக்கியம்: நீங்கள் ஒரு பெண். 1987 சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது. அதில் வக்கீல் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணம், சம்மன் செலவு, நகல் செலவும் அடங்கும். ஊட்டியில் மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். நியமிக்கப்படும் வக்கீல் எல்லாரும் ஒரே தரத்தில் இருப்பார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சரியாகச் செய்யவில்லை என்றால் காரணத்தை எழுதிக் கொடுத்து மாற்றக் கேட்கலாம். இந்த வழி திறந்திருக்கும்போது 20 லட்ச ரூபாய் நிலத்தை ஒருவர் எதற்காக எடுத்துக்கொள்கிறார் என்று நீங்களே கேட்டுப்பாருங்கள். அந்தப் பாதிப் பங்கு அநியாயம் என்று பின்னாளில் வாதாடுவதற்கும் இதே கணக்குத்தான் பலமான ஆதாரம்.

கையெழுத்துப் போட்டால் மூடிக்கொள்ளும் ஒரு கதவும் உண்டு. பணமில்லாதவர் கட்டணம் கட்டாமல் வழக்குத் தொடரலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 33 சொல்கிறது. வறியவரா என்று கணக்கிடும்போது வழக்குச் சொத்தையே சேர்க்க மாட்டார்கள் என்பதால், தோட்டம் பெயரில் வரப்போகிறது என்று உங்களைத் தள்ளவும் முடியாது. ஆனால் அதே கட்டளையின் 5-ஆம் விதி, வழக்குச் சொத்தில் வேறொருவருக்கு அக்கறை உண்டாக்கும் ஒப்பந்தம் செய்திருந்தாலோ, வழக்குச் செலவைத் தாங்க இன்னொருவர் ஒப்புக்கொண்டிருந்தாலோ மனுவைத் தள்ளுபடி செய்யச் சொல்கிறது. அனுமதி கிடைத்த பிறகு வழக்குச் சொத்தில் வேறொருவருக்கு அக்கறை உண்டாக்கும் ஒப்பந்தம் செய்தால், 9-ஆம் விதியின்படி அனுமதியை ரத்து செய்யலாம். அவரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு அதை மறைத்து மனுப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அண்ணன்கள் தரப்பு அதைத் தேடி எடுப்பார்கள்.

அவர் கேட்பது பணமல்ல, நிலம். மலையில் அது தனிச் சிக்கல். இந்து வாரிசுரிமைச் சட்டம் 22-ஆம் பிரிவு, முதல் வகுப்பு வாரிசு (மகன், மகள் போன்றவர்) ஒருவர் தன் பிரிபடாத பங்கை மாற்றப் போனால் மற்ற வாரிசுகளுக்கு அதை வாங்கும் முன்னுரிமை தருகிறது. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. ஆக, வெளியாளுக்குப் பாதி என்று எழுதிய உடனே அண்ணன்களுக்கு இரண்டாவது வழக்குக்கு வழி கிடைக்கும். தோட்டத்தோடு சேர்ந்த சோலைத் துண்டு தனியார் காடாக அறிவிக்கப்பட்டிருந்தால், 1949 தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம் என்றால் அந்த நிபந்தனையை முதலில் படிக்க வேண்டும்.  

பவர் பத்திரத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பின் அசையாச் சொத்து பற்றிய பவரைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவாகிவிட்டால் அவர் சார்-பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பெயரில் கையெழுத்துப் போடலாம். பவரை ரத்து செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் அக்கறை இருந்தால், அதைப் பாதிக்கும்படி பவரை ரத்து செய்ய முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டம் 202-ஆம் பிரிவு. பாதிப் பங்கு ஒப்பந்தமும் பவரும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் இந்தப் பூட்டு விழுந்துவிடும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கடன் பத்திரமும் எழுதலாம், நில விற்பனை ஒப்பந்தமும் எழுதலாம். அதில் இருப்பது உங்கள் கையெழுத்து என்பதால் நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல் வரும். அடுத்து வெற்றுக் காசோலை கேட்பார்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை நிரப்பினாலும் அது கடனுக்குக் கொடுத்தது என்ற அனுமானம் எழும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. தோற்றால் எதுவும் தர வேண்டாம் என்று சொல்கிறவருக்குக் காசோலை எதற்கு?

பாகப்பிரிவினை வழக்கில் பணம் போடுபவர்கள் எங்கே கைவிடுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அது சொல்லும், எந்த 80 சென்ட் என்று சொல்லாது. அதன்பின் வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து அளக்க வேண்டும். மலையில் சம அளவு என்பது சம மதிப்பு அல்ல. ரோட்டை ஒட்டிய 80 சென்ட், ஓடைக் கரையில் சரிந்து கிடக்கும் 80 சென்ட், வயதான செடி நிற்கும் 80 சென்ட் எல்லாம் வேறு வேறு விலை. ஆணையர் வரும் நாளில் நீங்களோ உங்கள் வக்கீலோ அங்கே நின்று பாதை, தண்ணீர், செடியின் நிலை மூன்றையும் அறிக்கையில் எழுத வைக்க வேண்டும். அறிக்கை பிடிக்கவில்லை என்றால் ஆட்சேபணை போட வேண்டும். பிறகு இறுதித் தீர்ப்பாணை. அதை உரிய முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால்தான் நிறைவேற்ற முடியும். அதன்பின் சுவாதீனம், அதாவது நிலம் உங்கள் கைக்கு வருவது. இதற்கிடையில் மேல்முறையீடுகள் வரலாம். ஆணையர் கட்டணம், அளவைச் செலவு, முத்திரைத்தாள், மேல்முறையீட்டு வக்கீல் என்று பணம் கரைவது இந்தப் பின்பாதியில்தான். முதல்நிலைத் தீர்ப்பாணை வந்ததும் ‘ஜெயித்துக் கொடுத்துவிட்டேன், என் பாதியைக் கொடு’ என்று வந்து நிற்பதும் இந்த இடத்தில்தான்.

எதில் எனக்கே உறுதி இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன். சமரசத்துக்கு அவர் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை நிற்குமா என்பதற்கு ஒரே வரிப் பதில் கிடையாது. வழக்கைப் பணம் போட்டவரே நடத்துகிறார் என்ற நிலைக்குப் போகப் போக ஒப்பந்தம் அடிபடும் வாய்ப்பு கூடும் என்பது என் கணிப்பு. நீங்கள் தோற்று, எதிர்த்தரப்புச் செலவைக் கட்டச் சொன்னால் அது அவரையும் பிடிக்குமா என்பதும் தெளிவில்லை. மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் நடைமுறைச் சட்டத் திருத்தங்கள் வழக்குக்குப் பணம் போடுபவரை அங்கீகரித்துப் பேசுகின்றன. டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு நடுவர் தீர்ப்பு விவகாரத்தில், தரப்பாக இல்லாத நிதியாளரைச் செலவுக்குப் பொறுப்பாக்க முடியாது என்றது. அது இங்கே கட்டுப்படுத்தாது, உங்களுடையது நடுவர் மன்ற வழக்கும் அல்ல. தமிழ்நாட்டின் 2003 கந்துவட்டித் தடைச் சட்டம் பொருந்துமா என்றும் கேட்பார்கள். தோற்றாலும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றிருந்தால் அது கடன், அந்தச் சட்டமும் வட்டிக்கடைச் சட்டமும் வரும். மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஜெயித்தால் மட்டும் பங்கு என்பதை வட்டி என்று நீதிமன்றம் சொல்லுமா என்பதில் இரு பக்கமும் வாதாடலாம்.

சட்ட உதவி வழி சரிப்படாமல் இவரோடேயே போவதென்றால் பத்திரம் இப்படி இருக்க வேண்டும். நிலத்தில் பங்கு வேண்டாம், பணமாக மட்டும் பேசுங்கள். அதற்கும் உச்சவரம்பு வையுங்கள்: ரசீதோடு செலவழித்த தொகையைப் போல இவ்வளவு மடங்கு, அல்லது உங்கள் பங்கின் மதிப்பில் இத்தனை சதவீதம், இரண்டில் குறைந்தது. என்னைக் கேட்டால் இரண்டு மடங்கைத் தாண்ட விடமாட்டேன். அது என் அளவுகோல்தான், சட்டத்தின் எண் அல்ல. வழக்குக் காலத்து இலை வருமானக் கணக்கில் அவருக்குப் பங்கு இல்லை என்று தனியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் ‘கிடைக்கும் எல்லாவற்றிலும்’ என்ற சொல்லில் அதுவும் போய்விடும். செலவு சுவாதீனம் வரைக்கும், மேல்முறையீடு உட்பட. நடுவில் விலகினால் போட்ட தொகை மட்டும், லாபம் இல்லை. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் அவருடையது. வக்கீலைத் தேர்ந்தெடுப்பதும் சமரசம் செய்வதும் நீங்கள். பணம் வங்கி வழியாக நேரே வக்கீலுக்குப் போக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வர வேண்டும். மூலப் பத்திரங்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கையெழுத்துக்கு முன் அவருக்குத் தொடர்பில்லாத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

எங்கே போனாலும் அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா, சிட்டா, புல வரைபடம், 1975-இலிருந்தாவது எடுத்த வில்லங்கச் சான்று இவ்வளவையும் எடுத்துக்கொண்டு போங்கள். வில்லங்கச் சான்றில் குறிப்பாக ஒன்றைத் தேடுங்கள்: உங்கள் கல்யாணச் சமயத்திலோ அப்பா இறந்த பிறகோ உங்களிடம் கையெழுத்து வாங்கிப் பதிந்த விடுதலைப் பத்திரம் (உங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதியது) ஏதாவது இருக்கிறதா என்று. நான் எழுதிய எல்லாம் அப்படி ஒன்று இல்லை என்று எடுத்துக்கொண்டுதான். இருந்தால் முதலில் அந்தப் பத்திரம் எப்படி வாங்கப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதை ரத்து செய்ய விஷயம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம்.